பவுனின் சோதனை

பவுனிடம் கைப்பையைக் கொடுத்துவிட்டு யாரும் நிம்மதியாக நின்றதில்லை. புனேயில், வாகட் பக்கம் ஒரு பெரிய மாலின் வாசலில் பெண்களைச் சோதித்து உள்ளே அனுப்பும் வேலை அவளுக்கு. மற்றவர்கள் பையை ஒப்புக்குத் திறந்து மூடுவார்கள். பவுன் பவுடர் டப்பாவைக்கூட ஆட்டிப் பார்ப்பாள். போபோடியில் அவள் குடியிருக்கும் சந்தில், பால்காரர் முதல் பக்கத்து வீட்டு ஷீலா வரை அவள் சந்தேகப்படாத ஆள் கிடையாது. ஒருவனை நம்பிக் கெட்டவள், அப்புறம் யாரைத்தான் நம்புவாள்?

அந்த ஒருவன் அவள் புருஷன் ரவிசந்திரன். குடித்தால் கை நீளும். அவன் செத்து வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் எந்த அடி எப்போது கன்றும், எப்போது மஞ்சளாகும் என்பது பவுனுக்கு இன்னும் அத்துப்படி.

அதனால்தான் மகள் காவ்யாவின் புஜத்தில் இருந்த கன்றல் உடனே அவள் கண்ணில் பட்டது. காவ்யாவுக்கு ஹிஞ்சேவாடியில் கம்பெனி வேலை.

"இன்னாடி இது?"

"பஸ்ல இடிச்சிக்கினேம்மா. டென்ஷன் எடுக்காத."

விரல் விரலாகப் பதியும்படி இடிக்கிற பஸ் புனேயில் எங்கே ஓடுகிறது? பவுன் வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்து வைத்தாள். பெண் சோற்றைக் குறைத்தாள். ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் என்றாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் பவுன் பையைத் துழாவினாள். ஒரு சின்ன டப்பாவுக்குள் பல்வரிசை பதிந்த ரப்பர் துண்டு இருந்தது. பல் செட்டா? இந்த வயசிலேயா? எந்தப் படுபாவி உடைத்தான்?

மறுநாள் காவ்யா மாடிப்படியில் நின்று போனில் மராத்தியில் குசுகுசுத்தது காதில் விழுந்தது. "தேஜஸ் சர், ஜோடி டரலி?" பிறகு ஒரே சிரிப்பு.

பவுனின் மராத்தி கடைக்கும் வாசலுக்கும் போதுமான மராத்திதான். ஆனால் 'டரலி' தெரியாதா? சந்தில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானாலும் அந்தச் சொல்தானே காதில் விழும். ஜோடி நிச்சயமாகிவிட்டதாம். அடிக்கிறவனையே கட்டிக்கொள்ளப் போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டுவிட்டு மகளுக்குப் பின்னாலேயே ரிக்ஷா பிடித்தாள். காவ்யா இறங்கியது ஒரு மங்கள் கார்யாலயத்தின் வாசலில். கல்யாண மண்டபமேதான். தாலி ஏறுமுன் இழுத்து வந்துவிட வேண்டும் என்று பவுன் ஓடினாள். வாசலில் ஒரு காவல்காரி அவளுடைய பையை வாங்கி ஒப்புக்குப் பார்த்தாள். "இதான் சோதிக்கிற லட்சணமா?" என்று கடிந்துகொண்டே பவுன் உள்ளே நுழைந்தாள்.

மணமேடை இருக்க வேண்டிய இடத்தில் கம்பிவலைக் கூண்டு. உள்ளே காவ்யா, இறுக்கிப் பின்னிய சடையோடு, பல்லுக்குக் காப்பாக அந்த ரப்பர் துண்டைக் கவ்விக்கொண்டு. எதிரில் சாங்க்லியிலிருந்து வந்த ஒரு பெண். மைக்கில் ஒருவன் "காவ்யா ஆணி திச்சி ஜோடி", காவ்யாவும் அவள் ஜோடியும், என்று இரண்டு பேரையும் காட்டினான். ஜோடி என்றது மோதப்போகும் எதிராளியையா! மாப்பிள்ளையே கிடையாதா! பவுன் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நிம்மதி நீடிக்கவில்லை. சாங்க்லிக்காரி காவ்யாவைத் தள்ளி மேலே ஏறி முகத்தில் குத்தினாள். "அடிக்காதடி!" என்று பவுன் கத்தியது அந்தக் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. காவ்யா புரண்டாள், நழுவினாள், பின்னால் போய் அவள் கழுத்தைக் கையால் வளைத்து இறுக்கினாள். அந்தப் பெண் காவ்யாவின் கையில் படபடவென்று தட்டினாள். அந்த நொடியே காவ்யா விட்டுவிட்டாள். இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

மகள் ஜெயித்தது பவுனுக்கு உறைக்கவில்லை. அவள் விட்டதுதான் உறைத்தது. பவுன் தட்டாத இடமா? தரையைத் தட்டியிருக்கிறாள், சுவரைத் தட்டியிருக்கிறாள், கழுத்தை நெரித்த ரவிசந்திரனின் கையைத் தட்டியிருக்கிறாள். கட்டிலுக்கடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது இந்தக் காவ்யாதான்.

வீங்கிய கண்ணோடு வந்த காவ்யா அம்மாவைப் பார்த்ததும் கையால் கண்ணை மறைத்தாள். பக்கத்தில் வந்த மனிதர் மராத்தியில் சித்தி முறை வைத்துக் கைகூப்பினார். "காக்கூ, நான் தேஜஸ். கோச்."

பவுன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு மகளிடம் திரும்பினாள். "ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ அப்பாவ நெனச்சி அழுவ."

"அவ தட்டுனதும் வுட்டுட்டியே, ஏன்?"

"தட்டுனா தோத்துட்டேன்னு அர்த்தம். வுட்டே ஆவணும்மா. ரூல்."

"கோவம் தலைக்கேறி இருந்தாலும்?"

"இருந்தாலும்."

வாய்வார்த்தையை நம்பியா பவுன் இத்தனை நாள் வாசலில் நின்றாள்? முந்தானையைச் செருகிக்கொண்டு மகளுக்கு முதுகைக் காட்டி நின்றாள். "எங்க, என் கழுத்தப் புடி."

"அம்மா, எல்லாம் பாக்குறாங்க."

"புடிடி. நல்லா இறுக்கு."

காவ்யாவின் கை வளைந்தது. பவுனின் உடம்பு பழைய பயத்தில் விறைத்தது. மூச்சு முட்டுவதற்குள் மெல்ல ஒரு தட்டு தட்டினாள். பிடி விட்டது.

"இன்னொரு தபா" என்றாள் பவுன்.