பக்கவாட்டு வெளிச்சம்

என் கேமராவுக்கு முன்னால் முதலில் உட்கார்ந்தது ஒரு கெட்டில். தண்ணீர் கொதிக்க வைக்கும் சாதாரண எலக்ட்ரிக் கெட்டில்தான். மலேசியாவின் மாசாயில் நான் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடி வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. அதனால் அதை நாற்காலியில் தூக்கி வைத்து, அதன் மூக்கைப் பார்த்துப் படம் பிடித்துப் பழகினேன்.

சினிமா எடுக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நாற்பத்து நான்கு வயதில் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏன், எதற்கு என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டி வரும். படித்தது பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் வரைதான். ஜொகூர் பாருவில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில் ஒரு கேமராவும் அதனோடு இரண்டு லென்சும் வாங்கினேன். மீதியைக் கைப்பேசியில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். எல்லாம் ஆங்கிலம். நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நோட்டில் எழுதி வைப்பேன்.

லென்சின் மேல் எஃப் என்று போட்டு ஓர் எண் இருக்கும். அந்த எண் குறையக் குறைய உள்ளே இருக்கும் துவாரம் பெரிதாகும், வெளிச்சம் அதிகம் வரும். இது தலைகீழாக இருக்கிறதே என்று குழம்பி, புரிந்துகொள்ள இரண்டு வாரம் ஆனது. துவாரம் பெரிதானால் இன்னொன்றும் நடக்கும். கெட்டிலின் மூக்கு தெளிவாக இருக்கும், நான்கு விரல் தள்ளி இருக்கும் கைப்பிடி கலங்கிப் போகும். இரண்டு லென்சில் ஐம்பது என்று எண் போட்டது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அது எதையும் கிட்டே இழுத்துக் காட்டும். என் சின்ன ஹாலில் நாற்காலி முழுவதும் தெரிய வேண்டும் என்றால் நான் பின்னாலேயே நடந்து போய், சமையலறைக்குள் கேஸ் சிலிண்டர் முதுகில் இடிக்கும் இடத்தில் நிற்க வேண்டும்.

வெளிச்சம் பற்றி மட்டும் வீடியோக்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடவே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். காரணம் என் வேலை. பாசிர் கூடாங்கில் கார் விளக்குகளுக்கு மேல்மூடி செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகச் சோதனை மேசையில் இருக்கிறேன். கண்ணாடி மாதிரி இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் மூடியை விளக்குக்கு நேராகப் பிடித்தால் எல்லாமே நல்ல சாமானாகத்தான் தெரியும். லேசாகச் சாய்த்து, வெளிச்சம் பக்கத்திலிருந்து அதன்மேல் வழுக்கிப் போகும்படி பிடிக்க வேண்டும். அப்போதுதான் தலைமுடி அளவு கீறலும் நிழல் கட்டி எழுந்து நிற்கும். கீறல் இருந்தால் சிவப்புப் பெட்டி. இல்லாவிட்டால் பச்சைத் தட்டு. என் மணிக்கட்டு தூக்கத்தில்கூட அப்படிச் சாயும்.

அதே மேசையில் என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவரைத்தான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிட ஏழு வயது மூத்தவர். அன்னாசி விளையும் பெக்கான் நானாஸில் பிறந்து வளர்ந்தவர். பன்னிரண்டு வருடம் நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். மேசையிலும் கேன்டீனிலும் தொழிற்சாலை பஸ்ஸிலும் அப்படித்தான். பேசுவது முழுக்க அவர், கேட்பது முழுக்க நான். அவர் கொண்டுவரும் நெத்திலி சம்பலில் பாதி, கேட்காமலேயே என் சோற்றுக்கு வந்துவிடும். வேலையிடத்தில் எனக்கு வேறு ஆள் கிடையாது. வேலைக்கு வெளியேயும் கிடையாது.

போன வருடம் பெக்கோக்கில் இருக்கும் அவருடைய மகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மாதக் கடைசியோடு வேலையை விட்டுப் போகிறேன் என்று அக்கா ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், சம்பலை என் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னார். நான் "ஓ" என்றேன்.

அதே வாரம் ஜொகூர் பாருவில் குறும்படம் எடுக்கும் சிலர், புதியவர்களின் படங்களை ஒரு மண்டபத்தில் போடப் போவதாக முகநூலில் அறிவித்திருந்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள், ஒரு மனிதரைப் பற்றிய படம். அது எனக்கு ஒரு சாக்கு. உண்மையில் நான் விரும்பியது, அக்கா போவதற்குள் அவர் பேசுவதை, அந்த முகத்தோடு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். என்னிடம் அவருடைய ஒரு நல்ல படம்கூட இல்லை.

கேட்பதற்கு மூன்று நாள் ஆனது. பஸ்ஸில் ஒருவழியாகச் சொன்னேன்.

"என்னை வச்சிப் படமா தங்கச்சி? அலமாக்! ஒன் கேமரா வெடிச்சிரும் லா."

"வெடிக்காதுக்கா."

"ஹீரோ யாரு? அதச் சொல்லு மொதல்ல."

"ஹீரோலாம் இல்லக்கா. நீங்க சும்மா பேசுனா போதும்."

"சும்மா பேசணுமா? அதுக்கு நாந்தான் சரியான ஆளு."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். வேலைக்குப் போடும் சட்டையோடு வருவார் என்று நினைத்திருந்தேன். பட்டுச்சேலை, தலையில் பூ, முகத்தில் பவுடர் என்று கல்யாண வீட்டுக்குப் போவது மாதிரி வந்து நின்றார். நான் சாப்பிடக் கோழிக் குழம்பு வைத்திருந்தேன். திரைச்சீலையை மூடி வீட்டை இருட்டாக்கினேன். என்னிடம் இருந்தது ஒரே ஒரு எல்இடி விளக்கு. அதை அக்காவின் இடப்பக்கத்தில், முகத்துக்குச் சரியாகப் பக்கவாட்டில் நிறுத்தினேன். கெட்டிலுக்கு அப்படி வைத்தபோது அதன் வளைவெல்லாம் அவ்வளவு அழகாக வந்திருந்தது. ஐம்பது லென்சைப் போட்டுக்கொண்டு முகத்துக்கு எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு போனேன்.

அக்கா நன்றாகப் பேசினார். அன்னாசித் தோட்டத்தில் அம்மாவோடு வேலைக்குப் போனது, இலையின் முள் கிழிக்காமல் இருக்க அப்பாவின் பழைய காற்சட்டையைப் பாவாடைக்கு உள்ளே போட்டுக்கொண்டது, அதைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் கேலி செய்தது எல்லாம் சொன்னார். நான் சின்னத் திரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். தோலின் ஒவ்வொரு துளையும் தெரிந்தது. கண் இமை ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. இவ்வளவு தெளிவாக நான் எதையும் எடுத்ததில்லை. எனக்குள் ஒரே சந்தோஷம்.

"காட்டு, பாப்போம்," என்றார் முடிந்ததும்.

கேமராவை அவர் கையில் கொடுத்தேன். அக்காவின் இடது கன்னத்தில், காதிலிருந்து தாடை வரை, பழைய தீக்காயத் தழும்பு ஒன்று உண்டு. பன்னிரண்டு வருடத்தில் நான் அதைப் பார்த்திருப்பேன். ஆனால் எப்போதோ கண்ணில் படாமல் போய்விட்டது. இப்போது சின்னத் திரையில் அந்தத் தழும்பின் ஒவ்வொரு மேடும் நிழல் கட்டி எழுந்து நின்றது. பவுடர் அதன் ஓரங்களில் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது.

அக்கா கடைசி வரை பார்த்தார். பிறகு சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு சொன்னார்.

"வேலையில கவர் பாக்குற மாதிரியே என்னையும் பாத்துருக்கியே தங்கச்சி. சொல்லு, பாஸா, ரிஜெக்டா?"

அப்போது நான் எதையாவது சொல்லியிருக்கலாம். மன்னிச்சிருங்கக்கா என்றாவது சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஷார்ப்பா வந்துருக்குக்கா."

"ஆமா, ஷார்ப்பாத்தான் இருக்கு," என்று கேமராவை மெதுவாக மேசையில் வைத்தார். பசிக்கவில்லை என்றார். வாடகை வண்டி பிடித்துப் போய்விட்டார். கோழிக் குழம்பை நான் செவ்வாய்க்கிழமை வரை சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் அவருடைய கைப்பை இருந்தது. பன்னிரண்டு வருடம் நான் உட்கார்ந்த இடம். நான் பின்வரிசைக்குப் போனேன். மேசையில் அவர் வழக்கம்போல என் இடப்பக்கம்தான், ஆனால் மூடிகளைத் தவிர எதையும் பார்க்கவில்லை. கேன்டீனில் சம்பல் வரவில்லை. அவருக்கு இன்னும் பதினோரு வேலை நாள்தான் பாக்கி இருந்தது.

பின்வரிசையிலிருந்து அவர் தலையைப் பார்த்துக்கொண்டே வந்தபோதுதான் எனக்கு அது புரிந்தது. பஸ்ஸில் எப்போதும் இடப்பக்க ஜன்னலோரம். கேன்டீனில் இடது பக்கம் சுவர் இருக்கும் நாற்காலி. மேசையில் என் இடப்பக்கம். அந்தக் கன்னம் எப்போதும் ஜன்னலுக்கோ சுவருக்கோதான். நான் பார்த்ததெல்லாம் வலது கன்னம் மட்டுமே. அதைத்தான் அக்காவின் முகம் என்று நினைத்திருந்தேன். பிளாஸ்டிக்கில் முடி அளவு கீறலைக் கண்டுபிடிக்கிற எனக்கு இது தெரியவில்லை.

மன்னிப்பை வாயால் கேட்க முடியாதென்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் வீட்டில் திரைச்சீலையை மூடினேன். விளக்கை அதே இடத்தில் வைத்தேன். அதே லென்ஸ். கெட்டிலை என் முகம் வர வேண்டிய இடத்தில் வைத்து லென்சைக் கூர்மையாக்கிவிட்டு, அதை எடுத்து அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் கேமராவைப் பார்த்தேன். அவ்வளவுதான் முடிந்தது. பிறகு ஓட்டிப் பார்த்தேன். பழைய பருக்குழிகள், கண்ணுக்குக் கீழே தொங்கும் பை, மேலுதட்டில் முடி. யாரும் என்னை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அதைக் கைப்பேசியில் ஏற்றி, அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அக்கா வேண்டாவெறுப்பாகக் குனிந்தார்.

"யாரு இது?" என்றார். பிறகு, "அடியே, இது என்னா, மீசையா?"

"ஆமாக்கா."

"இத்தன நாளா மீசைய எங்க ஒளிச்சி வச்சிருந்தே?"

"அங்கதான் இருந்துச்சி."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசை மலாய்க்காரப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "என்னோடத அழிச்சிரு," என்றார். அங்கேயே சரி என்றேன். வீட்டுக்குப் போய் அழித்தேன். அன்னாசித் தோட்டம், அப்பாவின் காற்சட்டை எல்லாம் அதோடு போயிற்று.

அதற்குப் பிறகு பக்கத்து இருக்கையில் கைப்பை இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு நேரமும் இல்லை. வீட்டைக் காலி செய்ய வேண்டும், சாமான் கட்ட வேண்டும். நான் மறுபடியும் கேட்கவில்லை. அவருடைய கடைசி நாளுக்கு முந்தின நாள் அவரே கேட்டார்.

"படம் என்னாச்சி?"

"இல்லக்கா. விட்டுட்டேன்."

"நாளைக்கி பஸ்ஸுல எடு. எந்திரிச்சி வரமாட்டேன், என் எடத்துலயே இருப்பேன். எடுத்துக்குவியா?"

தொழிற்சாலைக்குள் கேமரா கொண்டு போகக் கூடாது. மறுநாள் காலையில் அதை வாசல் காவலாளியிடம் கொடுத்து அவருடைய டிராயரில் வைக்கச் சொல்லி, சாயங்காலம் வாங்கிக்கொண்டேன். பஸ் இருக்கைக்குள் ஐம்பது லென்ஸ் உதவாது, ஒரு கண்ணும் மூக்கும்தான் வரும். இன்னொரு லென்சைப் போட்டேன். அக்கா ஜன்னலோரத்தில், வலது கன்னம் என் பக்கம். பின்னால் சாயங்கால வெயில். திரையில் அவர் முகம் கரிக்கட்டை மாதிரி இருட்டாக இருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே ஆளை வைக்காதே என்பதுதான் என் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் பாடம். என் இடத்துக்கு மாறி உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெயில் நேராக அவர் முகத்தில் விழும். இடது கன்னத்தில்.

நான் சொல்லவில்லை. எஃப் எண்ணைக் குறைத்தேன், கேமராவின் ஒளி உணர்வையும் கூட்டினேன். முகம் மெல்ல வெளியே வந்தது. ஜன்னல் மட்டும் வெள்ளையாக எரிந்துபோனது. வெளியே எண்ணெய்த் தொட்டிகள், புகைக்குழாய்கள், மோட்டார் சைக்கிள்கள் என்று எதுவும் தெரியவில்லை. வெள்ளைத் தாளில் ஒட்டி வைத்த மாதிரி அக்கா மட்டும் தெரிந்தார்.

அன்னாசித் தோட்டத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நெத்திலியை வறுக்குமுன் தலையைக் கிள்ளிப் போட வேண்டும், அவசரத்தில் பொடியாக்கக் கூடாது, நீ அவசரப்படுவாய் என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். நான்கு நிமிடம். மாசாயில் இறங்கும்போது, "இத அனுப்பு," என்றார்.

அனுப்பினேன். மண்டபத்தில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பெரிய திரையில் அக்கா நெத்திலி பற்றிச் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். முடிந்தபின் படங்களைப் பற்றிக் கருத்துச் சொல்ல வந்தவர் என் படத்துக்கு, "ஆள் அருமை. ஆனா பின்னாடி வெளிச்சம் கட்டுப்பாட்டுல இல்ல. அடிப்படைப் பிழை. அவங்கள இந்தப் பக்கம் மாத்தி உக்கார வச்சிருக்கலாம்," என்றார். எடுத்தவர் யார் என்று கேட்டு மைக்கை நீட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். "ஆமாங்க, மாத்தியிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

வெளியே வந்து, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நின்று அக்காவுக்கு அழைத்தேன். பின்னால் குழந்தைகளில் ஒன்று அழுதுகொண்டிருந்தது.

"கை தட்டுனாங்களா?"

"தட்டுனாங்கக்கா."

"என் மூஞ்சி தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சி."

"எந்தப் பக்கம்?"

"நான் பாக்குற பக்கம்."

"இரு, இவனுக்குப் பால் கலக்கணும், அப்புறம் கூப்புடுறேன்," என்று வைத்துவிட்டார். அன்று கூப்பிடவில்லை. பிள்ளைகளோடு அவருக்கு நேரம் இருந்திருக்காது.

மேசையில் என் இடப்பக்கத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் காலியாகத்தான் வருகிறது. நகர்ந்து உட்கார்ந்தால் காற்று வரும் என்று எனக்கும் தெரியும். நான் இந்தப் பக்கமே உட்காருகிறேன். சாயங்காலம் பஸ் திரும்பும்போது வெயில் அந்தக் காலி இருக்கையைத் தாண்டி வந்து என் இடது கன்னத்தில் விழுகிறது. என் பருக்குழிகளில் அது நிழல் கட்டும் என்று தெரியும். முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.