பாவில் தடவிய சுண்டக்கஞ்சி

ஆடி மாதப் படையலுக்கு என் அம்மா சித்திரையிலேயே சுண்டக்கஞ்சி போட்டுவிடுவாள். மற்ற வீடுகளில் சோற்றைப் புளிக்கவைத்து மூன்றாம் நாளே வடித்துக் குடித்துவிடுவார்கள். அதையெல்லாம் அம்மா ஒரு பொருட்டாகவே மதிக்கமாட்டாள். புழுங்கலரிசிச் சோற்றோடு, முளைகட்டிக் காயவைத்து இடித்த கேழ்வரகும் வெல்லமும் சேர்த்து ஊறப்போடுவாள். நுரைத்துப் பொங்கி அடங்கியதும் தெளிவை மட்டும் எடுத்து, பீங்கான் ஜாடியில் விளிம்புவரை ஊற்றி, துணி கட்டி, களிமண் பூசி, தறிக்குழிக்குப் பக்கத்தில் ஈர மணலில் புதைப்பாள். நடுவில் ஒருமுறை ஜாடியை வெளியே எடுத்து, குறைந்திருக்கும் அளவுக்குப் புதிதாக ஊற்றி மறுபடியும் மூடுவாள். காற்றுக்கு இடம் விட்டால் புளித்துக் காடியாகிவிடுமாம். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் தேன் நிறத்தில் இருக்கும். ஒரு டம்ளருக்கே ஆள் சாய்ந்துவிடுவான் என்று சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

படையல் பெரியப்பாவுக்கு. தாய் தகப்பன் இல்லாத என் அப்பாவை வளர்த்துத் தறியில் உட்காரவைத்தவர் அவர்தான். குடித்துக் குடித்தே செத்தார். அதனால் அப்பா ஒரு சொட்டுகூடத் தொடமாட்டார். ஆனாலும் அண்ணன் விரும்பியதை வருஷத்துக்கு ஒருநாள் வைக்காமல் இருக்க அவருக்கு மனசு வராது. அப்போது மதுவிலக்கு இருந்தது, பிடிபட்டால் ஜெயில். தெருவில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வெளியே சொன்னதில்லை.

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய வருஷம் அது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அந்த நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது. ஆசிரியர் பயிற்சிக்கு என்னை அனுப்பும்படி அப்பாவிடம் பேச என் டீச்சர் ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பார்த்தால், சனிக்கிழமைதான் அம்மா குறைந்ததை ஊற்றி நிரப்புவதற்காக ஜாடியைத் தோண்டி எடுத்துக் கூடத்தில் வைத்துவிட்டு, சின்ன காஞ்சிபுரத்தில் தங்கை வீட்டில் ஏதோ விசேஷம் என்று போயிருந்தாள்.

களிமண் பூசிய அந்த ஜாடியைப் பார்த்த யாருக்கும் விஷயம் புரிந்துவிடும். நான் புத்திசாலி அல்லவா? தறியில் ஏற்றும் நீள இழைகளுக்கு, அதாவது பாவுக்கு, விறைப்பு ஏறப் போடும் கஞ்சிக்கென்று ஒரு தவலை எப்போதும் தறிப்பக்கம் இருக்கும். நெசவுக்காரர் வீட்டில் புளித்த கஞ்சி வாடை வந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஜாடியில் இருந்ததை அந்தத் தவலையில் ஊற்றி மூடிவைத்தேன். ஜாடியைக் கழுவிக் கொல்லையில் கவிழ்த்தேன். மறுநாள் அப்பா பாவு போடப் போகிறார் என்பது எனக்குத் தெரியாது. தறி விஷயம் எதையும் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. அம்மா அதற்கான கஞ்சியை அடுப்பங்கரையில் காய்ச்சி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பட்டு இழைகளை நீட்டிக் கட்டி, அம்மா கஞ்சியை ஊற்றிவைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்து, அப்பா வழக்கம்போல் தறிப்பக்கத்துத் தவலையைத் தூக்கிக்கொண்டு போனார். அவருக்கு ஒரு வாரமாக ஜலதோஷம். கூட நின்று இழுத்துப்பிடித்த இரண்டு பேருக்கு மூக்கு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்கள். பாதிப் பாவு முடியும்போது வெயில் ஏறியது. வெல்ல வாசனைக்கு ஈ மொய்த்தது.

எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று மூக்கைச் சுளித்துவிட்டுச் சிரித்தாள். “இன்னா மாமா, பாவுக்கே ஊத்திவுட்டுக்கினு இருக்கிற? பொடவய கட்டிக்கினு பொண்ணு எப்பிடி நேரா நடக்கும்?”

தெருவே சிரித்தது. அப்பா கையை முகர்ந்து பார்த்தார், நக்கிப் பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் டீச்சர் தெருமுனையில் குடையோடு வந்தார்.

அப்பா ஓடிப்போய் இரண்டு கையையும் கூப்பினார். கையிலும் மார்பிலும் வேட்டியிலும் அதே வாடை. டீச்சர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தணிந்த குரலில் கேட்டார்: “உங்க அப்பா தினமும் குடிப்பாராம்மா?”

நடந்ததைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வீட்டில், என் அம்மா கையால், சாராயம் மாதிரி ஒன்று தயாராகிறது என்று சொல்லவேண்டும். அதைவிடக் குடிக்கிற அப்பா எவ்வளவோ மேல் என்று அந்த ஒரு நொடியில் எனக்குத் தோன்றியது.

“தினமும் இல்ல டீச்சர்” என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட வீட்டில் இருந்தால் நீ படிக்கமுடியாது, ஹாஸ்டலில் இலவச இடம் வாங்கித் தருகிறேன் என்றார். அடுத்த வாரமே மனு எழுதிக் கொடுத்தார். தகப்பனார் மதுப்பழக்கத்துக்கு அடிமையானவர் என்று அதில் ஒரு வரி இருந்தது.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ரேகை வைக்குமுன், “இன்னாம்மா எழுதிக்கீது?” என்று கேட்டார். நெசவுத் தொழில், வறுமை, நன்றாகப் படிக்கும் பெண் என்று வாசித்துக் காட்டினேன். அந்த ஒரு வரியைத் தாண்டிப்போனேன். அவர் கட்டைவிரலை மையில் தோய்த்து, கறை படியாமல் அழகாக அழுத்தினார். வெல்லப் பிசுக்கில் ஒட்டிக்கொண்ட பாவு இழைகளைப் பிரித்தெடுக்க அவருக்கு எட்டு நாள் ஆகியிருந்தது. அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாதான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஆடிக்கு நாள் போதாதே என்று புலம்பிக்கொண்டே புதிதாக ஊறப்போட்டாள்.

இடம் கிடைத்தது. மாதம் ஒருமுறை அப்பா வாலாஜாபாத்தில் பஸ் மாறி என்னைப் பார்க்க வருவார். மற்ற அப்பாக்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்க, இவரை மட்டும் வார்டன் கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் நிறுத்திவிடுவார். ஒருநாள், “அவுங்கல்லாம் உள்ள குந்திக்கினு இருக்காங்களே?” என்று கேட்டார். அவர்கள் வாத்தியார்கள், அதனால்தான் என்றேன். சரிதான் என்று தலையாட்டினார்.

இரண்டாம் வருஷம் அது என்னால் தாங்கமுடியவில்லை. வார்டனிடம் போய், என் அப்பா குடிப்பதே இல்லை, மனுவில் இருப்பது பொய் என்றேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். இங்கே இருக்கிற இந்த மாதிரிப் பிள்ளைகள் எல்லாம் ஒருநாள் வந்து இதையே சொல்லும், அப்பன்மேல் பாசம் இருப்பது நல்லதுதான் என்றார்.

அந்த லீவில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் தறியில் இருந்தார். நான் குழியோரம் உட்கார்ந்து தொடங்கினேன்: டீச்சர் கேட்டது, நான் சொன்னது, மனுவில் எழுதியது. குறுக்கிழை ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“உங்கம்மா காதுல போடாத” என்றார். “அப்பறம் அண்ணனுக்குக் கஞ்சி போடமாட்டா.”

அறுந்த ஓர் இழையை முடிந்துவிட்டு, “அந்த வரி எங்க இருந்திச்சி? என் ரேகைக்கு மேலயா, கீழயா?” என்று கேட்டார்.

“மேலப்பா.”

“ம்” என்றார். நாடாவை ஓட்டினார்.

அடுத்த மாதமும் வந்தார். புதுச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. மரத்தடியில்கூட நிற்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நான் ரோட்டைத் தாண்டிப் போய்க் கூப்பிட்டேன். இங்கேயே இருக்கிறேன், உன் கூடப் படிக்கிறவர்கள் பார்க்கப் போகிறார்கள் என்றார்.