நான்காம் பாடத்தோடு துக்கம் கேட்கப் போனேன்

என் மகன் தெலுங்குப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு மூன்று வருஷமாகிறது. சம்பந்தியம்மா நெல்லூர்ப் பக்கம், நான் கோவிலம்பாக்கம். அவருக்குத் தமிழ் வராது, எனக்குத் தெலுங்கு வராது. நான் 'சாப்பிடுங்க' என்பேன், அவர் 'தினண்டி' என்பார், இரண்டு பேரும் சாப்பிடுவோம். இவ்வளவு சண்டை சச்சரவில்லாத சம்பந்தி உறவு எங்கள் தெருவிலேயே கிடையாது.

இப்படிச் சிரித்தே காலத்தை ஓட்டிவிடலாம் என்று இருந்தபோது அவருடைய கணவர் தவறிப்போனார். எனக்கு முந்தின நாள்தான் கண்புரை ஆபரேஷன். பயணம் கூடாது, குனியக் கூடாது, அழவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அழக் கூடாதவள் சாவு வீட்டுக்குப் போய் என்ன செய்வது? போகவில்லை. எங்கள் சொந்தத்தில் கல்யாணத்துக்கு வராதவளை மன்னித்துவிடுவார்கள். சாவுக்கு வராதவளை அவள் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள்.

காரியமெல்லாம் முடிந்து, சம்பந்தியம்மாவை மகன் ஊரப்பாக்கத்தில் தன் ஃபிளாட்டுக்கு அழைத்துவந்தான். நேரில் போய் 'என்னால் வர முடியாமல் போய்விட்டது' என்று அவர் மொழியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு வைராக்கியம். ஆன்லைனில் தெலுங்கு வகுப்பில் சேர்ந்தேன். திங்கள், புதன், வெள்ளி, காலை பதினொரு மணி.

நான்காம் பாடம்தான் இறந்தகாலம். அது மட்டும் இரண்டு வாரம் ஓடியது. 'வச்சானு' என்றால் வந்தேன். 'வச்சாடு' வந்தான். 'வச்சாரு' வந்தார். 'வச்சிந்தி' என்றால் வந்தாள், அதுவே வந்தது. ஆக, குரங்கு வந்தாலும் மருமகள் வந்தாலும் 'வச்சிந்தி'. என் மாமியாருக்கு மட்டும் இது தெரிந்திருந்தால் அன்றே மொழி மாறியிருப்பார்.

அந்தப் பாடத்தில் எல்லாரும் சுகமாக இருந்தார்கள். மாம்பழம் தின்றார்கள், காபி கேட்டார்கள், குடித்தார்கள், உட்கார்ந்தார்கள். நேற்று மழை பெய்தது. பஸ் போய்விட்டது. அதைத் தாண்டி அங்கே ஒரு துக்கமும் நடக்கவில்லை. "இறந்துபோனார் என்பதற்கு என்ன மேடம்?" என்று கேட்டேன். "அது பதினோராம் பாடத்துல வரும்மா, இப்போ நாலுதானே" என்றது ஆசிரியைப் பெண். பதினோராம் பாடம் வரைக்கும் யாரும் சாகக் கூடாது போலிருக்கிறது.

'ராலேகபோயானு', வர முடியாமல் போய்விட்டது, என்பதை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கினேன். அது நாக்கில் சரியாக உட்காரட்டும் என்று துக்கம் கேட்கப் போவதைப் பத்து நாள் தள்ளிப்போட்டேன். அவ்வளவு அக்கறை எனக்கு!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபரேஷன் கறுப்புக் கண்ணாடியோடு, கணவரையும் கூட்டிக்கொண்டு பல்லாவரத்தில் ரயில் ஏறினேன். அவருக்கு எங்கே போனாலும் 'வரேன்' சொல்லிக் கிளம்புகிற வழக்கம். துக்க வீட்டில் அதைச் சொல்லலாமா? மறுபடியும் அதே போல வருவேன் என்று ஆகிவிடாதா? "ஏங்க, கிளம்பும்போது வாயைத் திறக்காதீங்க. எழுந்தோமா, செருப்பைப் போட்டோமான்னு இருக்கணும்" என்று குரோம்பேட்டை வரை அவரைக் காய்ச்சினேன். அதன் பிறகு கண்ணை மூடி, ராலேகபோயானு, ராலேகபோயானு. தாம்பரத்தில் ஏறிய பூக்காரம்மா என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். "இன்னா மந்திரம்க்கா அது? சொல்லிக்கினே இருந்தா கால்வலி போவுமா?" என்று கேட்டாள். போகும் என்றேன்.

ஃபிளாட்டில் சம்பந்தியம்மா பால்கனிக் கதவை ஒட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாதியாகியிருந்தார். பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணி என்று முறை வைத்து, "வதினா, நேனு ராலேகபோயானு" என்றேன். மருமகள் அசந்துபோய்ப் பார்த்தாள். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை. துக்க வீட்டில் அப்படி வரக் கூடாதுதான், வந்தது. அந்தத் தெம்பில் "எலா ஜரிகிந்தி?" என்றும் கேட்டேன். எப்படி நடந்தது என்று கேட்பதுதானே முறை.

அவர் சொல்ல ஆரம்பித்தார். வெள்ளமாக வந்தது. எனக்குப் பிடிபட்டதெல்லாம் வினைச்சொற்கள்தான். வச்சாரு. காபி அடிகாரு. தாகாரு. கூர்ச்சுன்னாரு. வந்தார், காபி கேட்டார், குடித்தார், உட்கார்ந்தார். எல்லாம் நான்காம் பாடம். உட்கார்ந்தாருக்குப் பிறகு சம்பந்தியம்மா நிறுத்திவிட்டார். எனக்கு அழுகை வந்தது, டாக்டரை நினைக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பினோம். கணவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு செருப்பைத் தேடினார். நான் எழுந்தேன், திரும்பினேன், சத்தமாக, தெளிவாக, "வெள்ளொஸ்தானு வதினா" என்றேன்.

போய் வருகிறேன்! ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் கோரஸாகச் சொல்லிக் கற்ற வார்த்தை. அவர்கள் ஊரிலும் துக்க வீட்டில் அதைச் சொல்லக் கூடாது என்பது மருமகள் முகத்திலேயே தெரிந்தது. கணவர் என்னைப் பார்த்த பார்வையை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

சம்பந்தியம்மா எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ரண்டி. ரேபு ரண்டி" என்றார். வாங்க, நாளைக்கு வாங்க. பிறகு மெதுவாக, "அந்தரூ செப்பகுண்டா வெள்ளிபோயாரு" என்றார். மருமகள் மொழிபெயர்க்க வாயெடுத்தாள், வேண்டாம் என்று கை காட்டினேன். எல்லாரும் சொல்லாமல் போய்விட்டார்கள். துக்கம் கேட்க வந்த அத்தனை பேரும் முறைப்படி, என்னைவிட ஒழுங்காக, வாய் திறக்காமல் எழுந்து போயிருக்கிறார்கள். திரும்பி வருவேன் என்று இந்த ஒரு மாதத்தில் அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை.

"ஆயன கூடா" என்றார். அவரும்தான்.

மறுநாள் திங்கட்கிழமை. மகனும் மருமகளும் ஆபீஸ் போய்விடுவார்கள். பதினொரு மணிக்கு ஐந்தாம் பாடம். வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு ஊரப்பாக்கம் போனேன்.