பெயரைத் தொட்டால் வரும் முகம்

தொண்ணூறுகளின் கடைசியில் கல்முனையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திவந்தேன். நான் ராத்தா என்று அழைத்த பக்கத்து வீட்டு அக்காவின் கணவர், போர்க்காலத்தில் ஒருநாள் மாவடிப்பள்ளி வயலுக்குப் போய்த் திரும்பாமல் பல வருடங்கள் ஆகியிருந்தன. எங்காவது யாராவது கண்டு சொல்லமாட்டார்களா என்று அவருக்காக ஓர் இணையப் பக்கம் செய்தேன். பெயரின் மேல் மவுஸின் அம்பு பட்டால் முகம் தோன்றும், விலகினால் மறையும். அந்த வித்தையில் எனக்குப் பெருமைதான்.

ராத்தாவை அழைத்துக் காட்டினேன். கணவரின் பெயரை ஒருநாளும் வாயால் சொல்லாதவர் அவர். "பிள்ளைட வாப்பா" என்பார், அவ்வளவுதான். தயங்கித் தயங்கி அம்பை அந்தப் பெயரில் வைத்தார். முகம் வந்தது. அம்பு விலகியது, முகம் போய்விட்டது.

"எங்க தம்பி போயிட்டாரு?"

"கை ஆடிட்டு ராத்தா. திரும்ப வைங்க, வருவாரு."

அவர் வைக்கவில்லை.

"அண்டைக்கு வெடிச்சத்தம் கேக்கக்குள்ள அவர் தெருமுனையத் தாண்டல்ல தம்பி. பேரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா திரும்பிப் பாத்திருப்பாரு."

முகம் மறையாதபடி அன்றே பக்கத்தை மாற்றினேன். அவரைக் கண்டதாகக் கடைசிவரை எவரும் எழுதவில்லை. இன்றும் எங்காவது அம்பு பட்டு ஒரு படம் எழுந்தால், மவுஸை நகர்த்த எனக்குக் கை வருவதில்லை.