எழுத்து முடிந்தது, கல்யாணம் ஆகவில்லை

அயர்லாந்துக்கு வந்த புதிதில் என்னை உறுத்தியது குளிரல்ல. நான் கல்யாணம் ஆனவளா என்று இங்கே யாருமே கேட்கவில்லை. கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறினால், கண்டி டவுன் வருவதற்குள் பக்கத்து சீற்றில் இருக்கும் முன்பின் தெரியாத அம்மா அதைக் கேட்டு, மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்பது வரைக்கும் போய்விடுவார். இங்கே முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் நோரா அப்படியில்லை. கல் வைத்த மோதிரத்தோடு முதியவர்களைத் தூக்கக்கூடாது என்பது இல்லத்தின் விதி. அதனால் வேலைக்கு வந்ததும் நான் மோதிரத்தைக் கழற்றி, சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வதை அவள் தினமும் பார்க்கிறாள். ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாகரிகமாம். நல்ல ஊர் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பெல்லாம் மோகனுக்கு விசா கேட்கும் வரைக்கும்தான். மோகன் பன்வில பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணக்கு வாத்தியார். எனக்கும் அவருக்கும் எழுத்து முடிந்திருந்தது. வேறு ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் கல்யாணம் பல வீடுகளில் இரண்டு தவணையாக நடக்கும். முதலில் பதிவாளரை வரவழைத்துக் கையெழுத்து, அதுதான் எழுத்து. பிறகு நாள் பார்த்துக் கோயிலில் தாலி. நடுவில் ஒரு வருஷம் போனாலும் போகும். அதுவரை பெண் பெண் வீட்டில், பையன் பையன் வீட்டில். மஹய்யாவையில் எங்கள் வீட்டு முன்னறையில், இரவல் வாங்கிய கதிரைகளில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க, நாங்கள் கையெழுத்துப் போட்டு மோதிரம் மாற்றிக்கொண்டோம். எல்லோரும் கேக்கும் பெற்றிஸும் சாப்பிட்டார்கள். சாயங்காலமே அவர் தன் அம்மாவோடு பன்வில பஸ் ஏறிவிட்டார். நான் பிளேட் கழுவினேன். அடுத்த மாதமே இந்த வேலை வந்தது, தாலி தள்ளிப்போனது.

என் வதிவிட அனுமதி புதுப்பிக்கப் போயிருக்கிறது. அது கைக்கு வருமுன் ஊருக்குப் போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அவர் வந்தால்தான் நாங்கள் முகம் பார்க்க முடியும். பாடசாலை விடுமுறைக்கு வந்துவிட்டுப் போகட்டும் என்று விசிற் விசாவுக்குப் போட்டோம். நோரா கேட்காததையெல்லாம் விசா அலுவலகம் சேர்த்துவைத்துக் கேட்டது. எங்கே சந்தித்தீர்கள், எவ்வளவு காலம் ஒரே வீட்டில் வாழ்ந்தீர்கள், ஏன் வாழவில்லை. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். மணமானவரா என்ற இடத்தில் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி ஆம் என்று போட்டேன்.

விசா மறுக்கப்பட்டது. மனைவி மணமானவர் என்கிறார், கணவரோ தொலைபேசி நேர்காணலில் தனக்கு மணமாகவில்லை என்கிறார், ஆகவே உறவு உண்மையானது என நம்ப இடமில்லை. மோகன் அனுப்பிய கடிதத்தின் படத்தில் இதை இரண்டு தரம் வாசித்தேன். உடனே அவருக்கு அழைத்தேன்.

"அவங்க என்னங்க கேட்டாங்க?"

"தமிழ்ல மொழிபெயர்க்க ஒரு அம்மா இருந்தாங்க. யாழ்ப்பாணத்து ஆளு போல. 'தம்பி, உங்களுக்குக் கலியாணம் முடிஞ்சுதோ'ன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் இல்லங்க, தையிலதான்னு சொன்னேன்."

"அப்ப நாம கையெழுத்துப் போட்டது என்ன?"

"அது எழுத்து தானே, ஜெயா. தாலி கட்டாம, கல்யாணம் ஆயிருச்சுன்னு வாய் கூசாம எப்படிச் சொல்றது? ஒரு பொய்யும் சொல்லிறாதீங்கன்னு நீதானே படிச்சுப் படிச்சுச் சொன்ன."

சொன்னேன்தான். மொழிபெயர்த்த அம்மாவுக்கும் எங்கள் வழக்கம் விளங்கியிருக்கும். ஆனால் சொன்னதைச் சொன்னபடி சொல்வதுதானே அவர் வேலை.

என் முகத்தைப் பார்த்த நோரா, முதன்முறையாக வாயைத் திறந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"அப்படியானால் உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, இல்லையா?"

"ஆகிவிட்டது. தை மாதம் ஆகும்."

எனக்கு ஆங்கிலம் விளங்கவில்லை என்று நினைத்து, அதே கேள்வியை மெதுவாக இன்னொரு தரம் கேட்டாள். நானும் அதே பதிலை மெதுவாக இன்னொரு தரம் சொன்னேன்.

அம்மாவாவது என் பக்கம் பேசுவாள் என்று அழைத்தேன். "அம்மா, நான் கல்யாணம் ஆனவதானே?"

"என்னடி பேச்சு இது? மொதல்ல தாலி ஏறட்டும். மாப்பிள்ளை சொன்னதுல என்ன தப்பு?"

விசா மறுத்ததைவிட இதில்தான் அதிர்ந்துபோனேன். அப்பா மஹய்யாவையில் பிறந்தவர். மலையகத் தமிழர் பலரையும் போலப் பிறந்த ஊரிலேயே பிரஜாவுரிமை இல்லாமல் வளர்ந்து, அதற்கான ஒரு கடதாசி வந்த பிறகுதான் அந்த நாட்டுக்காரர் ஆனார். அதை இன்னும் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறோம். அதே அலுமாரியில் இருக்கும் என் கல்யாணக் கடதாசியை மட்டும் அந்த வீட்டில் யாரும் நம்பவில்லை.

மேன்முறையீடு செய்தோம். மறுபடி அழைத்து அவரைக் கேட்பார்கள். இந்தத் தடவை அவர் தடுமாறினால் விசா இல்லை, என் வதிவிட அனுமதி வரும்வரை அவரைப் பார்க்கவும் வழியில்லை. அதனால் தேநீர் இடைவேளைகளில் இல்லத்தின் பின்கதவருகே நின்று அவரைப் பழக்கினேன்.

"சொல்லுங்க. எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு."

"அம்மா அடுப்படியில இருக்காங்க, ஜெயா."

"பரவாயில்ல. சொல்லுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு. ஜெயா என் பொண்டாட்டி."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். விசாவுக்கான ஒத்திகை என்பதுகூட மறந்துபோய், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவருக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் கேட்டது.

"யாருகிட்டடா இப்படிப் பொய் சொல்ற?"

உள்ளே நோரா என்னைக் கூப்பிட்டாள். சட்டைக்கு வெளியே வந்திருந்த சங்கிலியைப் பிடித்துப் பார்த்தேன். கண்டிப் பத்தரிடம் தாலிக்கு இன்னும் சொல்லக்கூட இல்லை. அது தொங்க வேண்டிய இடத்தில் எழுத்தன்று போட்ட மோதிரம் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டைக்குள் விட்டுக்கொண்டு உள்ளே போனேன்.