ஞாயிற்றுக்கிழமை சர்வர்

என் மனைவி ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போக ஆரம்பித்தது தொண்ணூறுகளின் பிற்பாதியில். மகள் பிறப்பதற்கு முந்தைய வருடங்கள் அவை. நான் ஆவடியில் பாதுகாப்புத் துறை ஃபேக்டரி ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். குடியிருந்தது குவார்ட்டர்ஸில். அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தாள்.

அதுவரை அவள் கம்பெனியில் விற்பனைக் கணக்கெல்லாம் அகலமான பிரிண்டர் தாளில் கட்டுக்கட்டாக அச்சாகி மேனேஜர்களின் மேசைக்குப் போகும். யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பாள். பிறகு புதிதாக ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார்கள். எந்த ஊரில் எந்தச் சாமான் எவ்வளவு விற்றது, போன மாதத்துக்கு இந்த மாதம் எப்படி என்று மேனேஜர்கள் தங்கள் ரூமிலிருந்தே திரையில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கென்று தனியாக ஒரு சர்வர், ஏ.சி. போட்ட ஒரு சின்ன அறை. அறையின் சாவி என் மனைவியிடம்.

அந்த சாஃப்ட்வேரில் ஏதாவது ஒரு குறை வந்துகொண்டே இருக்கும். விற்ற கம்பெனி அதைச் சரிசெய்து சி.டி.யில் அப்டேட் அனுப்பும். அதை ஏற்றும்போது சர்வரை நிறுத்த வேண்டும். வேலைநாளில் நிறுத்தினால் மேனேஜர்கள் கத்துவார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை. அப்டேட்டைப் போட மவுண்ட் ரோட்டில் இருந்த அந்தக் கம்பெனியின் ஆபீஸிலிருந்து ஓர் இன்ஜினியர் வருவார். கல்யாணமாகாதவர். வேலப்பன்சாவடியில் நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார்.

இவ்வளவும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரைப் பற்றி அவள் நிறையச் சொன்னாள் என்று சொல்ல முடியாது. கொஞ்சம்தான் சொன்னாள். நான்தான் அந்தக் கொஞ்சத்தை வாரம் முழுக்க மென்றுகொண்டிருந்தேன்.

"பாவங்க, மெஸ் சாப்பாடு சாப்பிட்டு நாக்கு செத்துப்போச்சாம். இன்னொரு டப்பா சேத்துக் கட்டிடட்டுமா?" என்று ஒரு ஞாயிறு காலையில் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நான்தான் சமைப்பேன். அன்று புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்திருந்தேன். கட்டிக்கொடுத்தேன். சாயங்காலம் காலி டப்பாக்களைத் தொட்டியில் போட்டுக்கொண்டே, "புளியோதரை பிரமாதம்னார்" என்றாள்.

"யார் செஞ்சதுன்னு சொன்னியா?"

"ம்ம்?" என்றாள். குழாய்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. நான் மறுபடி கேட்கவில்லை. நான் வறுத்து அரைத்த பொடி, நான் காய்ச்சிய புளி. அந்த ஆள் அதைச் சாப்பிட்டுவிட்டு அவள் கைப்பக்குவத்தைப் பாராட்டியிருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த தடவை வேண்டுமென்றே உப்பைக் குறைத்துப் போட்டேன். அதுவும் நன்றாக இருந்ததாம்.

என் பிரிவில் கூட வேலை பார்த்தவர் ஒருவர், பாடியில் குடியிருந்தவர், எதையும் விடமாட்டார். திங்கட்கிழமை கேன்டீனில் பிடித்துக்கொண்டார்.

"இன்னாபா, நேத்து உன்னைத் தனியா மார்க்கெட்ல பாத்தேன். ஊட்ல அம்மா இல்லியா?"

"வேலைக்குப் போயிருந்தா. சர்வர் பாக்கணும்னு."

"சர்வரா? ஓட்டல் சர்வரா?"

மேசை முழுக்கச் சிரித்தது. நான் கம்ப்யூட்டர் என்று விளக்கினேன். அவர் டீயை ஊதிக் குடித்துவிட்டு, "அதுக்கு லீவு நாள்ல இன்னாத்துக்குப் போவணும்? கூட யாரு கீறாங்க?" என்றார். சும்மாதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி ஏற்கெனவே என் வயிற்றுக்குள் இருந்ததால் எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த முறை அவள் போன ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டை நானே கொண்டுவருகிறேன், சூடாக இருக்கும் என்றேன். அவள் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு ரயிலுக்குப் போனாள். மதியம் கேரியரை மொபெட்டில் மாட்டிக்கொண்டு திருமுல்லைவாயில் வழியாக எஸ்டேட்டுக்குப் போனேன். ரோடெல்லாம் காலி. கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் மட்டும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கம்ப்யூட்டர் அம்மா ஊட்டுக்காரரா? உள்ள போங்க சார். காலைல இருந்து ரெண்டு பேரும் ஒரு டீக்குக்கூட வெளிய வரல."

அவர் அதை மரியாதையாகத்தான் சொன்னார்.

சர்வர் அறைக்கு வெளியே இரண்டு ஜோடி செருப்பு கிடந்தது. என் செருப்பையும் கழற்றி விட்டுவிட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே குளிர் எலும்பில் ஏறியது. நான் மனதில் வரைந்து வைத்திருந்த ஆள் உயரமாக, சுருள்முடியோடு இருப்பான். இங்கே இருந்தவர் ஒல்லியாக, குட்டையாக, முழுக்கைச் சட்டையின் காலர் நைந்துபோய் இருந்தார். எழுந்து, "வாங்க சார்" என்றார். அவள், "அஞ்சு நிமிஷம்ங்க, ஒரு சிக்கல்" என்றாள். ஒரு நாற்காலியைக் காட்டினாள். நான் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்டேட் ஒழுங்காகத்தான் ஏறியிருக்கிறது. ஏறின பிறகு ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தால் கணக்கு உதைக்கிறது. அந்த மாதத்தின் விற்பனை பாதிக்குப் பக்கமாகக் குறைந்துவிட்டது. இன்னும் வராத டிசம்பர் மாதத்தில் சரக்கு விற்றதாகக் காட்டுகிறது. மறுநாள் காலையில் மேனேஜர்கள் வந்து உட்காருவதற்குள் இது சரியாக வேண்டும்.

நான் அவர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் "மேடம்", "சார்" என்றுதான் பேசிக்கொண்டார்கள். போகப்போக அதெல்லாம் உதிர்ந்துவிட்டது.

"தப்பு எல்லா நாள்லயும் இல்ல. பாருங்க, பதிமூணாந் தேதியில இருந்து சரியா இருக்கு" என்றாள் அவள்.

"அப்ப பன்னெண்டு வரைக்கும்தான்..."

"மாசமும் பன்னெண்டுதானே."

"தேதிய மாசமா..."

"மாத்திப் படிக்குது."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அவர் திரையில் ஏதோ ஒரு பெட்டியைத் திறந்தார். அவள் அதற்குள் திரையில் விரல் வைத்து இடத்தைக் காட்டிவிட்டாள். அவர் மாற்றினார். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார்கள். நீலப் பட்டை ஒன்று நிரம்பிக்கொண்டே போவதை இரண்டு பேரும் கை கட்டிக்கொண்டு பார்த்தார்கள். பெரிய மேட்ச்சின் கடைசி ஓவரைப் பார்ப்பவர்களைப் போல நின்றார்கள். டிசம்பர் மறைந்தது. அவள் கையைத் தட்டினாள்.

எங்கள் கல்யாணத்திலிருந்து அன்றுவரை அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவள் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து அதை நான் முடித்து வைத்ததும் இல்லை. தப்பாக ஒன்றும் நடக்கவில்லை என்பது அங்கே உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் எரிச்சல் அதிகமானது. தப்பு நடந்திருந்தால் சண்டை போடலாம். இதற்கு என்னவென்று சண்டை போடுவது?

மூன்று பேரும் சாப்பிட்டோம். திரும்பும்போது மொபெட்டில் பின்னால் உட்கார்ந்திருந்தவளிடம், "என்னதான் சிக்கல்?" என்று கேட்டேன்.

"நாம தேதிய முதல்லயும் மாசத்த அடுத்தும் எழுதுறோம்ல? அமெரிக்காவுல மாசம்தான் முதல்ல. அப்டேட் போட்டதும் அது அமெரிக்கா பழக்கத்துக்கு மாறிடுச்சு. நாலாம் மாசம் அஞ்சாந் தேதி வித்தத, அஞ்சாம் மாசம் நாலாந் தேதின்னு எடுத்துக்கிச்சு. அவ்ளோதான்."

தெளிவாகச் சொன்னாள். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். அறையில் இருந்த குரல் அதில் இல்லை.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் கிளம்பும்போது பேப்பரை விரித்துக்கொள்வேன். திரும்பி வந்தால் தலைவலி என்று படுத்துக்கொள்வேன். ஒரு நாள் அவள் பொறுக்கமாட்டாமல், "என்னதாங்க உங்களுக்கு?" என்றாள்.

"அவர்கிட்ட பேசுற மாதிரி எங்கிட்ட நீ பேசுறதில்ல."

அவள் உண்மையாகவே யோசித்தாள். "அவர்கிட்ட சர்வர் பத்திப் பேசுறேன். உங்ககிட்ட எதப் பத்திப் பேசணும்? உங்க ஃபேக்டரியில நீங்க என்ன பண்றீங்கன்னு எனக்கு ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது."

"யாரோட சண்டை போட்டீங்க, யாரப் பாத்துச் சிரிச்சீங்க, அதுகூடவா?"

ஓட்டல் சர்வர் கதையை அவளிடம் சொல்லியிருக்கலாம். அந்தக் கதையில் என் வயிற்றெரிச்சலும் சேர்ந்து இருந்ததால் சொல்லவில்லை.

பிறகு ஒரு மாலை அந்த இன்ஜினியர் ஸ்வீட் டப்பாவோடு எங்கள் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார். அமெரிக்காவில் வேலை கிடைத்திருக்கிறதாம், அடுத்த வாரம் கிளம்புகிறாராம். நான் எழுந்து நின்று கையைக் குலுக்கினேன். என் கை தேவைக்கு அதிகமாகவே குலுக்கியிருக்க வேண்டும். அவர் தன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க புளியோதரையத்தான் சார் அங்க போய்த் தேடுவேன்" என்றார்.

"நான் செஞ்சதுன்னு யார் சொன்னா?"

"மேடம்தான், முதல் நாளே. ஞாயித்துக்கிழமை சார் சமையல்தான், எனக்கு இந்தப் பக்குவம் வராதுன்னு சொன்னாங்க."

நான் அவளைப் பார்த்தேன். அவள் காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். நெஞ்சு லேசானது. அந்த லேசும் காபி குடித்து முடிக்கும்வரைதான். இவரிடம் என்னைப் பற்றி இன்னும் என்னென்ன சொல்லியிருப்பாள் என்று அடுத்த நினைப்பு வந்துவிட்டது.

அவர் போனார். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் வாடிப்போனாள். சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்ப்பாள். ரேடியோவை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பாள். புதிதாக வந்த இன்ஜினியர் கையேட்டைப் பார்த்து வரிவரியாகப் படித்துவிட்டு, "இதுல போடல மேடம்" என்று எழுந்துவிடுவாராம். அப்டேட் எல்லாவற்றையும் இவளே போட்டாள். இங்கே இருந்தபோதைவிட, இங்கே இல்லாத அந்த ஆள்மேல் எனக்கு ஆத்திரம் அதிகமானது. இருந்தவனுக்காவது நைந்த காலர் இருந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு ராத்திரி சாப்பிடும்போது, "அவருக்குக் கல்யாணமாம். ஆபீஸுக்கு மெயில் வந்துச்சு" என்றாள்.

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்" என்றேன். பொண்ணு எந்த ஊர், எப்போது கல்யாணம், எங்கே மண்டபம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். வெள்ளியில் ஒரு குங்குமச்சிமிழ் வாங்கி அனுப்பலாம் என்றும் சொன்னேன். என் தம்பி கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு துள்ளியதில்லை.

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "உங்களுக்கு அவர்மேல பொறாமையாங்க?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமா" என்று வந்துவிட்டது.

அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

"எனக்கும்தான்" என்றாள்.

"உனக்கு என்ன?"

"அவர் போயிட்டார்ல. அந்த ரூம்ல ரெண்டு பேரும் ஒரே வேலைதான் பாத்தோம். தேதிப் பிரச்சனைய முதல்ல கண்டுபிடிச்சது யாரு? நீங்க அங்கதானே உக்காந்திருந்தீங்க."

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தது இரண்டு பேர் சிரித்ததை மட்டும்தான்.

"அவர் போறப்ப அந்த எடத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டாங்க. அவரே அவங்க மேனேஜர்கிட்ட சொல்லியிருந்தார். அந்தக் கம்பெனியில சேந்தா எந்த ஃபேக்டரியில சர்வர் படுத்தாலும் போய்ப் பாக்கணும். வேணாம்னுட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒரே ஒரு ஃபேக்டரிக்கு ஞாயித்துக்கிழமை போனதுக்கே உங்க மூஞ்சி எப்படி இருந்துச்சு? இதச் சொன்னா என்ன ஆகும்?"

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இன்றைக்கு ரயில் லேட் என்பது மாதிரி சொன்னாள். அவ்வளவு நாளும் அவள் முகத்தில் இருந்ததை நான் வேறு ஒன்றாகப் படித்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே ஆள்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு ஒரே வீட்டில் பேசாமல் இருந்திருக்கிறோம். கடைசியில் நான்தான் சொன்னேன், "இப்ப கேட்டா குடுப்பாங்களா?"

"புதுசா வந்தவரு வேலைய விட்டு நின்னுடுவாரு போலிருக்கு."

"அப்ப கேளு."

மறுநாளே கேட்கவில்லை. நான் மனசு மாறிவிடுவேனா என்று ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு மவுண்ட் ரோடு ஆபீஸுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். வேலை கிடைத்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவளை அனுப்பியது பாடியில் ஒரு ஃபேக்டரிக்கு. நான் மொபெட்டில் கொண்டுபோய் விட்டேன். பையில் அப்டேட் சி.டி.க்கள், ஒரு டப்பா எலுமிச்சை சாதம். கேட்டில் அந்த ஃபேக்டரியின் கம்ப்யூட்டர் ஆள் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். அவள் இறங்குவதற்கு முன்பே, "மேடம், ரிப்போர்ட் எதுவும் திறக்கவே மாட்டேங்குது" என்று ஆரம்பித்துவிட்டார்.

"எப்பத்துல இருந்து?" என்றாள். சர்வர் அறையில் நான் கேட்ட அதே குரல். அந்த ஆளோடு பேசிக்கொண்டே உள்ளே நடந்தாள். திரும்பிப் பார்த்து ஒரு கையைத் தூக்கிக் காட்டியது வளைவு திரும்பும்போதுதான்.

வண்டியைத் திருப்பினேன். வயிறு எரியத்தான் செய்தது. அந்த ஆளுக்கு நல்ல உயரம், சுருள்முடி வேறு.