சேஸ் நின்றது, பாடி நிற்கவில்லை: தாணு அண்ணாச்சி நினைவாக

செய்தி வந்தபோது நான் சலூன் நாற்காலியில், இடது பக்க மீசைக்கு மட்டும் மை பூசிய நிலையில் உட்கார்ந்திருந்தேன். போனில் டீக்கடை வில்சன். "அண்ணே, தாணு அண்ணாச்சி போயிட்டாரு. காலம்பற பல்லு தேச்சிட்டு நின்னவரு அப்பிடியே உக்காந்துட்டாராம்." வலது பக்கம் நரையாகவே பூதப்பாண்டிக்குப் பஸ் ஏறினேன். அண்ணாச்சி பார்த்திருந்தால், "பாதி உண்மையாவது வெளிய தெரியுதே மக்கா" என்றிருப்பார்.

இன்சூரன்சுக்காக அடிபட்ட வண்டிகளைப் பரிசோதிக்கும் சர்வேயர் அவர். வெள்ளை வேட்டியோடு காருக்கு அடியில் படுத்துவிடுவார். என் தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளை வந்த காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சம்பந்தி வீட்டார் அலறியே விட்டார்கள். விபத்து நடந்த இடத்தில் ஆளாளுக்குக் கதை சொன்னால் கையை உயர்த்துவார்: "ஆளைப் பாத்து வேகம் சொல்லாத. இரும்பைப் பாத்துச் சொல்லு."

இனி என் பெருமை. மாமனார் வீட்டு ரப்பர் தோட்டத்துக்காகப் பழைய ஜீப் ஒன்று வைத்திருந்தேன். ஓட்டியது வில்சன். கீழே சேஸ் என்கிற இரும்புச் சட்டம், மேலே ஆள் உட்காரும் பாடி, இரண்டுக்கும் நடுவே போல்ட் போட்ட ரப்பர் வட்டுகள். அவை நைந்து வண்டி கடகடவென்று ஆடியது. புதிது வாங்கச் சொன்னான் வில்சன். "ரப்பர் காட்டுக்குள்ள இருந்துகிட்டு ரப்பரைக் கடையில எவனாவது வாங்குவானால?" என்றேன். தோட்டத்துப் புகைப்புரையில் உலரத் தொங்கிய ரப்பர் ஷீட்டை வட்டமாக வெட்டி, அடுக்கி, நானே மாட்டினேன். சத்தம் நின்றது. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, சிதறால் வளைவில் குறுக்கே வந்த ஆட்டுக்காக ஒதுக்கிய வில்சன் பாலத்துச் சுவரில் இடித்தான். பாடி நாலு விரல்கடை முன்னால் நகர்ந்து, அவன் வலது காலைப் பெடலோடு சேர்த்து நசுக்கிவிட்டது. வண்டி கிடந்த கிடப்பைப் பார்த்தவர்கள், "என்னா வேகத்துல வந்திருப்பான்!" என்றார்கள். நானும் என்றேன். அதோடு விட்டேனா? கோயில் திருவிழா மலரில் 'ராக்கெட் வில்சன்' என்று நகைச்சுவைக் கட்டுரை எழுதினேன். ஊர் சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது. கால் எலும்பு கூடிய பிறகும் அவனுக்கு யாரும் வண்டி கொடுக்கவில்லை. டீக்கடை போட்டான், கடைக்கும் அதே பெயர்தான் வாய்த்தது.

அந்த ஜீப்பை இன்சூரன்சுக்காகப் பார்க்க வந்த அண்ணாச்சி அதன் அடியிலிருந்து வெளியே வந்தபோது கையில் கறுத்துப் பிசுபிசுத்த ஒரு வட்டு இருந்தது.

"இது ஆரு பாத்த வேலை?"

"நான்தான் அண்ணாச்சி."

"பச்சை ரப்பரு மக்கா. வேக வைக்காதது. அமுக்கினா அமுங்கினபடியே கெடக்கும். போல்ட்டெல்லாம் லூசாகி ஓட்டை கிழிஞ்சு கெடக்கு." கருவிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "முன்னால இடிச்சா சேஸ் நின்னுரும். பாடிய நிக்கச் சொல்லது ஆரு? இந்த வட்டும் போல்ட்டும்தான் சொல்லணும். ரொம்பக் கெட்டியா இருந்தா இடி அப்பிடியே ஆளு மேல வரும். ரொம்ப இளகியிருந்தா சொல்லவே சொல்லாது. பாடி அதுபாட்டுக்குப் போவும். சேஸ் முனையப் பாரு, லேசாத்தான் மடங்கியிருக்கு. பையன் மெதுவாத்தான் வந்திருக்கான், கேட்டியா? ரிப்போர்ட்ல நான் எழுதிருவேன். ஊர்ல நீ சொல்லணும்."

சொல்லலாம் என்றிருந்தேன். அதன்பின் எங்கே பார்த்தாலும், கல்யாண வீடோ பஸ் ஸ்டாண்டோ, அண்ணாச்சி நலம் விசாரிக்க மாட்டார். "சொன்னியா?" என்பார். "நல்ல நாளாப் பாத்துச் சொல்லணும் அண்ணாச்சி" என்பேன். "பஞ்சாங்கத்துல உனக்கு அப்பிடி ஒரு நாளே கெடையாது போல" என்பார். போன சித்திரையிலும் கேட்டார். ஒருமுறைகூட அவராகப் போய் வில்சனிடம் சொன்னதில்லை. அது என் வேலை என்று விட்டுவைத்திருந்தார்.

சாவு வீட்டில் மதினி என்னைக் கண்டதும் உள்ளே போய் ஒரு காகிதப் பொதியை எடுத்து வந்தாள். "மேசையில காகிதம் பறக்காம வச்சிருப்பாவ. உங்ககிட்ட குடுக்கணும்னு சொல்லியிருக்காவ." அதே வட்டு. பக்கத்தில் வில்சன், காலைச் சாய்த்து ஊன்றி நின்றிருந்தான்.

"என்னதுண்ணே இது?"

பாதி மீசையோடு முழுக்கதையையும் சொன்னேன். என்னை அடிப்பான் என்றுதான் நினைத்தேன். அவன் வட்டை வாங்கிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். குழி விழுந்தது, திரும்ப எழும்பவில்லை.

"அப்ப நான் மெதுவாத்தான் போனேனா?"

"ஆமால."

"எல்லாரும் சொல்லிச் சொல்லி, வேகமாத்தான் போயிருப்பேன்னு நானே நெனச்சிட்டேன்ணே." வட்டைத் திரும்பக் காகிதத்தில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். பிறகு, "அன்னைக்கு எழுதினேருல்லா? இதையும் எழுதும்" என்றான். அண்ணே என்று சொல்லவில்லை.

எழுதிவிட்டேன். வில்சன் அன்று மெதுவாகத்தான் போனான். தவறு என்னுடையது. வட்டை அவன் கொண்டுபோய்விட்டான். அது அவனுக்குச் சேர வேண்டியதுதான். எனக்கென்று மிச்சமிருப்பது அண்ணாச்சியின் அந்த ஒற்றைக் கேள்வி மட்டும்.

சொல்லிட்டேன் அண்ணாச்சி. நீங்க கேக்க இருக்கும்போது சொல்லியிருக்கணும்.